பக்மன் விடுதியும் லெக்சிங்டன் ஊரும்

போர்களின் வரலாற்றைப் படிக்கும்போது நம் கண் கோட்டைகளையும் கொத்தளங்களையுமே தேடிச் செல்கிறது. மாணவ நண்பர்களே, இன்று நான் உங்களை அழைத்துச் செல்லப்போவதோ மது விற்ற ஒரு வீட்டிற்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு வடமேற்கே சுமார் 11 மைல் தொலைவில் லெக்சிங்டன் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பொதுத்திடலுக்கு எதிரே, 1710-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட மரவீடு ஒன்று இன்றும் நிற்கின்றது. அதுவே பக்மன் விடுதி.

விடுதி என்று சொல்லிவிட்டேன். நம் நாட்டுச் சத்திரத்தைப் போல அது வழிப்போக்கர்க்கு இடம் தந்தது. ஆனால் அறத்திற்காக அன்று, காசுக்காக. உணவோடு ரம்மும் விற்றது. இலங்கைத் தமிழர் கள்ளுக்கடையைத் 'தவறணை' என்பர். அச்சொல்லும் இத்தகைய விடுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அரசின் உரிமம் பெற்றே அக்காலத்தில் விடுதி நடத்த இயலும். பாஸ்டன் சந்தைக்கு மாடுகளை ஓட்டிச் செல்வோர் அங்கே இரவு தங்குவர். திடலில் இருந்த தொழுகைக்கூடத்தில் கணப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரு வழிபாடுகளுக்கு இடையே குளிரால் விறைத்த மக்கள் எதிர்வீட்டு அடுப்பருகே வந்து உட்காருவர். சமய உரையையும் வரியையும் விலைவாசியையும் பேசித் தீர்த்த இடம் அதுவே.

1775-இல் அவ்வூரில் ஏறத்தாழ 700 பேர் வாழ்ந்தனர், பெரும்பாலோர் உழவர். இருப்பினும் அரசியலில் அவர்கள் பின்தங்கியவர் அல்லர். தேயிலை வரியை எதிர்த்து 1773 டிசம்பர் 13-ஆம் நாள் தம் வீடுகளிலிருந்த தேயிலையைக் கொண்டுவந்து எரித்தனர். பாஸ்டன் துறைமுகத்தில் பெட்டிகள் கடலில் எறியப்பட்டது அதற்கு மூன்று நாட்களுக்குப் பின்னர்தான். அந்தப் பெட்டிகளுக்கு உடையவர் யார்? சென்னையில் கோட்டை கட்டி அமர்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியார்!

1775 ஏப்ரல் 18 இரவு, கான்கார்டு என்னும் ஊரிலிருந்த போர்க்கருவிகளை அழிப்பதற்காக ஏறக்குறைய 700 ஆங்கிலச் சிப்பாய்கள் பாஸ்டனிலிருந்து புறப்பட்டனர். நள்ளிரவையொட்டிப் பால் ரிவியர் குதிரையில் விரைந்து வந்து செய்தி சொன்னார். மணி ஒலித்தது. ஊர்ப்படையின் தலைவர் ஜான் பார்க்கர் தம் ஆட்களைத் திடலில் கூட்டினார். எதிரியோ கண்ணில் படவில்லை; குளிரோ கடுமை. முரசொலி கேட்டதும் மீண்டும் கூடவேண்டும் என்று சொல்லி அவர் கலைத்துவிட்டார். வீடு அருகிலுள்ளோர் வீட்டிற்குச் சென்றனர். மற்றவர் விடுதியினுள் நுழைந்தனர். விடுதிக்காரர் ஜான் பக்மனும் அப்படையைச் சேர்ந்தவரே.

அந்தச் சில மணி நேரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தந்தையும் மகனும் அண்ணனும் தம்பியும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, செய்தி பொய்யாக இருக்குமோ என்று காத்திருந்தனர். விடியற்காலையில் ரிவியர் ஒரு பெட்டியை எடுக்க அவ்விடுதியின் மாடிக்குச் சென்றார். ஜான் ஹான்காக்கின் அரசியல் கடிதங்கள் அடங்கிய பெட்டி அது. சாளரத்தின் வழியே பார்த்தால், சிப்பாய்கள் அணிவகுத்து வருகின்றனர்! முரசு முழங்கிற்று. திடலில் வந்து நின்றவர் எண்பதுக்கும் குறைவு.

முதற் குண்டைச் சுட்டவர் யார்? குடியேற்ற மக்கள் ஆங்கிலேயர்மேல் பழி சொன்னார்கள். ஆங்கில அதிகாரிகளோ, சுவர்மறைவிலிருந்தும் வீடுகளிலிருந்தும் குண்டுகள் வந்தன என்றார்கள். இன்றுவரை அவ்வழக்குத் தீரவில்லை. பார்க்கர் தம் வீரரை அசையாது நிற்கச் சொன்னதாக ஒரு வீரமொழி திடலிலுள்ள பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிகழ்ச்சிக்கு ஆறு நாட்களுக்குப் பின் அவரே சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம், கலைந்து செல்லும்படியும் சுடவேண்டாம் என்றும் தாம் ஆணையிட்டதாகக் கூறுகிறது. பாறையைவிட வாக்குமூலத்தையே நான் நம்புகிறேன். எண்பது பேரைக் கொண்டு பெரும்படையை எதிர்க்கத் துணியாதவன் கோழையல்லன். அவர்கள் ஒவ்வொருவரையும் அவர் பெயர் சொல்லி அறிவார்.

எட்டுப் பேர் மாண்டனர். பத்துப் பேர் காயமுற்றனர். விடுதியின் முன்கதவைக் குண்டு துளைத்ததாகச் சொல்வர். அப்பழைய கதவை இன்றும் உள்ளே வைத்துக் காட்டுகின்றனர்.

அன்று பிற்பகல், கான்கார்டிலிருந்து அடிபட்டுத் திரும்பிய ஆங்கிலப்படை அதே ஊரின் மற்றொரு விடுதியான மன்ரோ விடுதியைத் தன் மருத்துவமனையாக்கிக் கொண்டது. அங்கே மது ஊற்றிக் கொடுத்த ஜான் ரேமண்ட் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராக வந்து உணவு கொண்டதும் அவ்விடுதியிலேதான்.

பக்மன் விடுதியில் 1812-இல் ஊரின் முதல் அஞ்சல் நிலையம் அமைந்தது. 1913-இல் ஊராரே அதை விலைக்கு வாங்கிக் காட்சியகமாக்கினர்.

காயமுற்ற பதின்மரில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் ஒருவர். அவர் கறுப்பர், அன்று காலை இன்னொருவருக்கு அடிமையாக இருந்தவர். விடுதலைக்கென்று நின்ற அணியில், தனக்கே விடுதலையில்லாத ஒருவர் தோளில் குண்டேற்றார். 1775-இல் அச்சிட்ட பட்டியல் அவர் பெயருக்கு அருகே நிறத்தையும் குறித்து வைத்தது. பின்னரும் போர்ப்பணி செய்து அவர் விடுதலை பெற்றார். அவருக்கென்று பக்மன் விடுதியின் அருகே கல் நட்டது 2008-ஆம் ஆண்டில்.