தட்டொலியும் செவியும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் அமைந்த கெலாங் பாத்தா, நெடுங்காலம் தோட்டங்களும் மீனவர் சிற்றூர்களும் சூழ்ந்த சிறு பட்டணமாக விளங்கியது. 1998ஆம் ஆண்டு தஞ்சோங் குப்பாங்கையும் சிங்கப்பூரின் துவாசையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டபின், இரு நாட்டு வாகனங்களும் கடந்து செல்லும் பெருவழி அதன் அருகே அமைந்தது. இவ்வட்டாரப் பெட்ரோல் நிலையங்களில் மஞ்சள் குழாயில் 95 என்னும் எண்ணும், பச்சைக் குழாயில் 97 என்னும் எண்ணும் காணப்படும். அயல்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு 95 விற்கலாகாது என்பது 2010 ஆகஸ்டு முதல் உள்ள விதி. விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போர் பலர். அவ்வெண் எதை அளக்கிறது என்று வினவுவோர் சிலரே.

அஃது எஞ்சினின் தட்டொலியைத் தடுக்கும் ஆற்றலை அளக்கிறது. பட்டறைகளில் 'நாக்கிங்' எனப்படும் இந்தச் சிற்றொலியின் வரலாறு, ஒரு குறையை மனிதன் எவ்வாறெல்லாம் எதிர்கொண்டான் என்பதன் வரலாறாகும்.

தட்டொலியின் தோற்றம்

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் அழுத்துகிறது. தீப்பொறி பட்டதும் தழல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். சில வேளைகளில், தழல் சென்று சேருமுன்னரே, கடைக்கோடியில் எஞ்சிய கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காது தானே ஒருசேரத் தீப்பற்றிக்கொள்கிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் உருளைச் சுவரை மோதுகின்றன. தகரக் குவளையில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போன்ற ஓசை வெளியே கேட்கிறது. இது நீடித்தால் பிஸ்டன் அரிக்கப்படும்; உடையவும் கூடும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்கலத் தீமூட்டு முறையே இவ்வொலிக்குக் காரணம் என்று பழி எழுந்தது. அவரிடம் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி உருளையின் அழுத்தத்தைப் பதிவு செய்து பார்த்தார். தீப்பொறிக்குப் பின்னரே தட்டொலி எழுவது தெரிந்தது. குற்றம் தீமூட்டு முறையில் இல்லை. எரிபொருளின் இயல்பிலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ பலவகைப் பெட்ரோல்களைச் சோதித்தார். அவற்றுள் தட்டொலியைச் சிறப்பாகத் தாங்கியது போர்னியோவிலிருந்து வந்த பெட்ரோல். அடர்த்தி மிகுந்தது என்று கருதி, அதனை விற்பனைக்கு ஒவ்வாததாக ஒதுக்கி வைத்திருந்தனர். மதிப்பற்றதென ஒதுக்கப்பட்ட பொருளின் மாண்பைச் சோதனையே வெளிக்கொணர்ந்தது.

ஒலியை அடக்கிய நஞ்சு

பல பொருள்களைச் சோதித்த மிட்ஜ்லி குழுவினர், 1921 டிசம்பர் 9ஆம் நாள் காரீயச் சேர்மம் ஒன்றைக் கண்டனர். மலேசிய மண்ணில் தோண்டப்பட்ட வெள்ளீயம் வேறு, இக்காரீயம் வேறு. சிறிதளவு கலந்தாலே தட்டொலி அடங்கிற்று. 1923இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் காரீயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

காரீயம் நஞ்சு என்பது அன்று அறியாத செய்தியன்று. மிட்ஜ்லியே அதனால் நோயுற்றார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இச்சேர்மத்தைச் செய்த ஆலையில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். ஆயினும் சிறிது காலத் தடைக்குப் பின் விற்பனை மீண்டும் தொடங்கிற்று. எஞ்சினின் ஓலம் அடங்கியது. ஆனால் அதன் புகையை உள்வாங்கிய குழந்தைகளின் மூளைக்கு நேர்ந்த தீங்கு எவர் செவியிலும் ஒலிக்கவில்லை. கிளேர் பாட்டர்சன் என்னும் அறிவியலாளர், மனிதன் தன் சுற்றுப்புறத்தில் காரீயத்தை அளவிறந்து பரப்பிவிட்டான் என்று 1965இல் சான்றுகளுடன் எழுதினார். மலேசியாவில் 1985ஆம் ஆண்டு விதிகளின் வழி அதன் அளவு குறைக்கப்படலாயிற்று. 1990இல் லிட்டருக்கு 0.15 கிராம் என்றாகிப் பின்னர் முற்றிலும் நீங்கிற்று. கார்களுக்கான காரீயப் பெட்ரோலை இறுதியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. டேட்டன் நகரில் தொடங்கிய பிழையைத் திருத்த ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

படிகச் செவி

காரீயம் விலகியபோது வேறு வழி வேண்டியிருந்தது. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற கார்களில், அனுபவம் மிக்க மெக்கானிக்கின் செவியே கருவி. மேட்டில் ஏறுகையில் எழும் ஓசையைக் கேட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பித் தீப்பொறியின் நேரத்தை அவர் சரிசெய்வார்.

அச்செவியின் பணியை ஏற்றதே தட்டொலி உணரி. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களின் இயல்பை 1880இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியேர் கியூரி உடன்பிறப்புகள் கண்டறிந்தனர். அத்தகைய படிகத்தை எஞ்சின் உடலில் திருகி வைத்தால், அதிர்வு மின்குறியாக மாறுகிறது. கணினி, தட்டொலிக்குரிய அதிர்வைப் பிற ஓசைகளினின்று பிரித்தறிந்து, தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. 1978ஆம் ஆண்டுப் பியூக் கார்களிலும், 1980களின் தொடக்கத்தில் சுவீடனின் சாப் கார்களிலும் இம்முறை இடம்பெற்றது. காரீயம் ஒலியை அடக்கியது. படிகமோ ஒலியைக் கேட்டு நடந்தது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

செவியே பழுதுற்றால்?

கேட்கும் செவியும் கெடும். உணரியின் குறி வராதபோது, கணினி ஆபத்தைத் தவிர்க்கத் தீப்பொறியை எப்போதும் தாமதமாகவே அனுப்புகிறது. வண்டி இழுவை இழக்கிறது; பெட்ரோல் மிகுதியாகச் செலவாகிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது. சோதனைக் கருவியில் பி 0325 போன்ற குறியீடு தோன்றுகிறது. உரிமையாளர் பெட்ரோலைப் பழிக்கிறார். அவசரக்காரர் உடனே புதிய உணரி வாங்குகிறார்.

அக்குறியீடு உணரி கெட்டதென்று கூறவில்லை. அதன் மின்வழியில் எங்கோ குறை என்றே கூறுகிறது. கம்பி அறுந்திருக்கலாம், இணைப்பில் ஈரமும் துருவும் ஏறியிருக்கலாம், திருகாணி தளர்ந்தோ மிகையாக இறுகியோ இருக்கலாம். தேர்ந்தவர் முதலில் கம்பியையும் இணைப்பையும் பார்ப்பார். திருகாணியைக் குறித்த அளவில் இறுக்குவார். உணரியின் அருகே மெல்லத் தட்டி, மின்குறி எழுகிறதா என நோக்குவார். அதற்குப் பின்னரே உணரியை மாற்ற முற்படுவார். உண்மையிலேயே எஞ்சின் தட்டுகிறதாயின், உணரியை மாற்றுவதால் பயனில்லை. படிந்த கரியையோ மிகுந்த வெப்பத்தையோ பொருந்தாப் பெட்ரோலையோ ஆராய வேண்டும்.

கெட்டரிங்கின் தீமூட்டு முறைமீது சுமத்தப்பட்ட பழி, அழுத்தத்தை அளந்ததால் நீங்கிற்று. ஒலியை விரைந்து அடக்க நாடிய நாட்டமோ உலகெங்கும் நஞ்சைப் பரப்பிற்று. வகுப்பறையில் ஒரு மாணவனின் முணுமுணுப்பை அதட்டி அடக்குவது எளிது. அவன் ஏன் முணுமுணுக்கிறான் எனக் கேட்பது அரிது. அடங்கிய ஓசை தீர்ந்த குறையாகாது என்பதே தட்டொலியின் வரலாறு கற்பிக்கும் பாடம்.