சீலோவாம் கோபுரமும் திருகோணமலைக் கடற்கரையும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், போயா தினமும்கூட. அன்று காலை திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளை ஆழிப்பேரலை அள்ளிச் சென்றபின், இது இறைவன் கொடுத்த தண்டனை என்ற பேச்சு பல சமயத்தாரிடமும் எழுந்தது. கிறிஸ்தவப் பிரசங்கிகளிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. நியாயத்தீர்ப்புப் போதனைக்குத் தாங்கள் உண்மையாயிருப்பதாகவே அவர்கள் நம்பினார்கள். ஆனால் அந்தப் போதனை உயிரோடிருப்பவர்களை நோக்கிப் பேசுவது. அதை மாண்டவர்கள்மேல் ஏற்றுவது நற்செய்திக்கே முரண் என்பது இக்கட்டுரையின் வாதம்.

லூக்கா 13:1–5 இரண்டு வகைச் சாவுகளைப் பேசுகிறது. பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றதைச் சிலர் வந்து இயேசுவிடம் சொல்கிறார்கள். அது அரச வன்முறை. சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டதை, யாரும் கேளாமலே, இயேசு தாமாக எடுத்துச் சேர்க்கிறார், அது விபத்து. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இரண்டுக்கும் அவர் தரும் விடை ‘இல்லை’ என்பதே. அடுத்த சொல்லிலேயே, மனந்திரும்புங்கள் என்று கேட்டு நின்றவர்களிடம் திரும்புகிறார். சாவை வைத்துப் பாவத்தைக் கணிக்கும் வழி அங்கே அடைபடுகிறது. யோபுவின் நண்பர்கள் இடறியதும் அந்த வழியில்தான்.

திருகோணமலைக்கு அந்த இரண்டு வகைச் சாவுகளும் ஓராண்டு இடைவெளியில் வந்தன. முதலில் ஆழிப்பேரலை. 2006 ஜனவரி 2 அன்று, கடற்கரையில் காந்தி சிலையருகே தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்கில் கைதான பாதுகாப்புப் படையினர் 13 பேர், போதிய சான்றில்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: எல்லோரும் மனந்திரும்புங்கள் என்பது பிள்ளையைப் பறிகொடுத்த தாயையும் சுட்டவனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடாதா? நியாயமான கேள்வி. இதற்கு விடையும் லூக்காவிடமே இருக்கிறது. 3:10–14இல் திருமுழுக்கு யோவானிடம் மக்களும் வரி வசூலிப்போரும் போர்வீரரும் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு விடை கிடைக்கிறது. வீரரிடம் அவர் சொல்வது மிகத் தெளிவானது: யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க்குற்றம் சுமத்தாதீர்கள். அழைப்பு எல்லோருக்கும் பொது. கணக்கு அவரவருக்குத் தனி. தாயிடம் மனமாற்றம் பேசிவிட்டுச் சுட்டவனிடம் உண்மையைக் கேளாத மேடை, லூக்காவின் ஒரு பாதியைக் கிழித்தெறிந்த மேடை.

1934 பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைக்கு வந்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசியவர் காந்தி. தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். மறுப்பு சரியே, பீகாரின் மண்ணுக்குள் கிடந்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்தார்களே. ஆயினும் காந்தி பிறர் பாவத்தைக் காட்டவில்லை, தம் சமூகத்தின் பாவத்தைக் காட்டினார். அந்தத் திசை முக்கியம்.

அதே திசையைத்தான் 1 பேதுரு 4:17 காட்டுகிறது: தீர்ப்பு கடவுளின் வீட்டிலேயே தொடங்கும். அப்படியானால் திருகோணமலைத் திருச்சபை தன் வீட்டில் எதை எடுத்துப் பார்க்கவேண்டும்? 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். இன்றும் சுவாமி மலைக்குப் போகும் அடியார் அந்தக் கோட்டை வாயிலைக் கடந்துதான் போகிறார்கள். வாயிற்கல்லில் பாண்டியரின் இணைக்கயல் தெரிகிறது. ஆலய இடிப்பு படைத்தலைவன் செய்த வேலை, திருச்சபை செய்ததல்ல என்று விலகிக்கொள்ளலாம்தான். ஆனால் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000 மார்ச் 12இல், உண்மையின் பெயரால் கிறிஸ்தவர் செய்த வன்முறைக்காகப் பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வேண்டினார். அதற்குப்பின் அந்த விலகலுக்கு வலுவில்லை.

லூக்காவில் சீலோவாம் பகுதியை அடுத்து வருவது கனிதராத அத்திமர உவமை. தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு கேட்கிறான். சுற்றிக் கொத்தி எருவிடுவதாகச் சொல்கிறான். தீர்ப்பு நீங்கவில்லை, தவணை கிடைத்திருக்கிறது. அந்தத் தவணையில், தவக்காலப் பொது மன்றாட்டில், சைவ மக்கள் முன்னிலையில், அந்தக் கற்களைப் பெயர் சொல்லி அறிக்கையிடுவது திருச்சபையால் ஆகக்கூடிய காரியம். அதைச் செய்த திருச்சபை, அந்த ஐவரின் கொலையில் உண்மையைச் சொல்லுங்கள் என்று படையினரிடமும் அரசிடமும் கேட்கும்போது, தான் செய்யாததைப் பிறரிடம் கேட்கிறது என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.