பத்து நாள் கடலுக்கு ஒரு பட்டியல்

சாண்டியாகோவிலிருந்து பத்து நாள் சூரை வேட்டைக்குப் போகும் படகொன்றில் இடம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் மிகுந்த மரியாதையுடன் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கணவரின் பெயர் என்ன?" என்பதுதான். வருவது நான், அவர் வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் படுக்கை வசதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இருவர் படுக்கும் சிறு அறைகள். என்னோடு யாரைப் போடுவது என்பது அவருடைய சிக்கல். அதைத் தீர்த்துவிட்டு மீண்டும் அழைப்பதாகச் சொன்னார். மூன்று நாள் கழித்து நானே அழைக்க வேண்டியிருந்தது.

ஊரில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவுக்கும் அதே கவலை வேறு விதமாக இருந்தது. "கூட வேற பொம்பளையாளு யாராவது வாராவளா?" என்றாள். இருபத்தைந்து பேரில் நான் மட்டும்தான் என்றேன். தூத்துக்குடிக்காரி. சூரை மீன் அவளுக்குப் புதிதல்ல. அதைப் பிடிக்கக் காசு கொடுத்துக் கடலுக்குப் போவதுதான் புதிது.

இந்தப் பயணங்கள் விடுமுறைக் கேளிக்கை போலத் தெரிந்தாலும், திட்டமிட மாதக் கணக்கில் ஆகும். பாயின்ட் லோமா துறையிலிருந்து புறப்படும் படகு முதலில் துறைமுக வாயிலருகே நின்று உயிருள்ள சாளை மீன்களைத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். இரை நன்றாக இல்லையென்றால் மற்ற எல்லாம் வீண். பிறகு தெற்கே, பாஹா கலிபோர்னியாக் கரையை ஒட்டி மெக்சிகோ கடலுக்குள் நாட்கணக்கில் ஓட்டம். ஒரு காலத்தில் ரெவில்லாகிகெடோ தீவுகள்தான் பெரிய சூரைகளின் இடம். 1977 ஏப்ரலில் அங்கே சான் பெனெடிக்டோ தீவருகே கர்ட் வீசன்ஹட்டர் பிடித்த 388 பவுண்டு மஞ்சள்துடுப்புச் சூரையின் சாதனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2017இல் மெக்சிகோ அந்தத் தீவுகளைச் சுற்றிய கடலைத் தேசியப் பூங்காவாக்கி மீன்பிடிப்பை முற்றிலும் தடை செய்துவிட்டது. நல்லதுதான். இப்போது படகுகள் வேறு மேடுகளைத் தேடிப் போகின்றன.

படகுக்காரர்கள் அனுப்பிய பட்டியல் நீளமானது. கடவுச்சீட்டு, 100 பவுண்டும் 130 பவுண்டும் தாங்கும் தங்கூசி நரம்பு, அதற்கேற்ற ரீல்கள், வளைமுள், இடுப்பில் கட்டும் பட்டை, கடல் மயக்கத்துக்கு மாத்திரை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் நான் இன்னொரு பட்டியல் எழுதினேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, மகனுடைய பள்ளிப் பேருந்து நேரம், வியாழக்கிழமை குப்பைத் தொட்டி, பல் மருத்துவர், எந்த டப்பாவில் எந்தப் பொடி. எழுதி முடித்தபோது 41 வரிகள். போன வருடம் இதே பயணத்துக்கு என் கணவர் போனபோது இரண்டாவது பட்டியல் என்று ஒன்று எழுதப்படவே இல்லை. நான் வீட்டில் இருந்தேன்.

இதற்குப் பிறகு, முடிச்சுப் போடப் பழக வேண்டிய மாலைகளில் நான் இந்த விளையாட்டின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். என்னை அதற்குள் தள்ளியது ஒரு சொல். 200 பவுண்டைத் தாண்டிய மஞ்சள்துடுப்புச் சூரையை இந்தப் படகுகளில் 'பசு' என்பார்கள். 300ஐத் தாண்டினால் 'சூப்பர் பசு'. பெருத்தது, கனத்தது என்றால் பெண்பால் வந்துவிடுகிறது. ஆனால் மீனியல் ஆய்வுகள் சொல்வது வேறு. இந்த இனத்தில் மிகப் பெரிய மீன்களில் பெண்கள் அரிது. ஆக, அந்தப் 'பசு'க்கள் பெரும்பாலும் காளைகள். இதைப் படகில் போய்ச் சொன்னால் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று தெரியவில்லை.

பெரிய சூரையைத் தூண்டிலால் பிடிப்பது ஒரு கனவான்களின் விளையாட்டாக உருவான இடம், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு எதிரே உள்ள சாண்டா கட்டலினா தீவு. 183 பவுண்டு சூரையொன்றைப் பிடித்த சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 1898இல் அங்கே அவலான் ஊரில் டியூனா கிளப்பைத் தொடங்கினார். மீனுக்கும் நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. மெல்லிய நரம்பு, கோல் உடைந்தால் கணக்கில் சேராது, பிடிப்பவர் யார் உதவியும் இன்றித் தானே இழுக்க வேண்டும். அந்தக் கடைசி விதிதான் நம் கதைக்கு முக்கியம்.

கௌபாய் நாவல்களால் பெரும்பணம் சம்பாதித்த ஜேன் கிரே அந்தக் கிளப்பின் புகழ்பெற்ற உறுப்பினர். அங்கே சூரையைவிடப் பெரிய கௌரவம் வாள்மீன். 418 பவுண்டு வாள்மீன் ஒன்றைப் பிடித்துவிட்டு, அதைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார் கிரே. அதிக காலம் ஆகவில்லை, சிறிய உடல்வாகு கொண்ட ஒரு பெண் 426 பவுண்டு வாள்மீனோடு கரைக்கு வந்தார். பதிவேட்டில் அவர் பெயர் 'மிஸஸ் கீத் ஸ்பால்டிங்'. விளையாட்டுப் பொருள் கம்பெனி ஸ்பால்டிங்கின் மகனைக் கல்யாணம் செய்தவர். சொந்தப் பெயர் யூடோரா. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய பெண் தனியாக அந்த மீனை இழுத்திருக்க முடியாது, யாரோ கை கொடுத்திருக்க வேண்டும் என்ற தொனியில் கிரே பேசினார். கிளப் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கடைசியில் அவர் கிளப்பை விட்டே விலகினார். இதைச் சொல்பவர்கள் எல்லாரும் கிரேயின் கர்வத்தைப் பற்றிய வேடிக்கைக் கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு வேடிக்கையாக இல்லை. 8 பவுண்டு வித்தியாசம் அவரைத் தொந்தரவு செய்திருக்கும்தான். ஆனால் அவர் கையில் எடுத்த ஆயுதத்தைப் பாருங்கள். யாருடைய கை உதவியது?

இந்தக் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்கலாம். கிரேயின் மனைவி லினா ரோத், எல்லாருக்கும் டாலி. படித்தவர். அவருக்கு வந்த குடும்பப் பணம்தான் நியூயார்க்கில் பல் மருத்துவராக இருந்த கிரே அந்தத் தொழிலை விட்டுவிட்டு எழுத உட்கார உதவியது. 1905இல் திருமணம், மூன்று குழந்தைகள். கிரேயின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தியவர் டாலி, பதிப்பாளர்களோடு பேரம் பேசியவர் டாலி, வரவு செலவு பார்த்தவர் டாலி. கிரே வருடத்தின் பெரும்பகுதியைத் தண்ணீரில் கழித்தார். 1924இல் நோவா ஸ்கோஷியாவில் 758 பவுண்டு நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்து உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு அங்கேயே மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றை வாங்கி, 'ஃபிஷர்மேன்' என்று பெயரிட்டு, அடுத்த ஆண்டு கலாபகோஸ் வரை போனார். பிறகு நியூசிலாந்து, தஹிதி. இன்று நாங்கள் திட்டமிடும் நெடுந்தூரப் பயணங்களின் கனவுக்கு அவருடைய புத்தகங்களுக்குப் பெரும் பங்குண்டு.

அந்தக் கப்பலுக்கான பணத்தை யார் புரட்டினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஆல்டடீனா வீட்டு மேசையில் அடுத்த நாவலின் வாக்கியங்களைச் செப்பனிட்டு, பதிப்பாளருக்கு அனுப்பி, வந்த தொகையை எண்ணி, பயணச் செலவுக்கு ஒதுக்கிய கை. கிரேயின் பயணங்களில் செயலாளர்கள் என்ற பெயரில் இளம்பெண்கள் உடன் போனதும் டாலிக்குத் தெரியும். டாலியை வெறும் பரிதாபத்துக்குரியவராகக் காட்டுவதும் சரியில்லை. வருமானத்தில் சரிபாதி தனக்கு என்று ஏற்பாடு செய்துகொண்டவர் அவர். கெட்டிக்காரி. ஆனால் 758 பவுண்டு மீனைப் பற்றிய எந்தப் பதிவேட்டிலும் அவர் இல்லை. தூண்டிலைத் தொட்டவர்களைத்தானே விதி கணக்கில் எடுக்கும்.

1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிகளிலும் இதே உயிர் இருக்கிறது. மீனோடு போராடும்போது வேறொருவர் கோலையோ ரீலையோ நரம்பையோ தொட்டால் சாதனை ரத்து. கோலைப் படகின் விளிம்பில் சாய்த்தாலும் ரத்து. எங்கள் படகுகளில் பெரிய மீன் மாட்டினால் எல்லாரும் கோலை விளிம்புக் கட்டையில் சாய்த்துத்தான் இழுப்பார்கள். ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று "தூக்கு, சுற்று" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் இரண்டு மூன்று பேர் கொக்கி போட்டு ஏற்றுவார்கள். இரை போட்டவர், சமையல்காரர், இரவெல்லாம் படகோட்டியவர் தனி. கரையில் இறங்கியதும் புகைப்படத்தில் ஒருவர் மட்டும் நிற்பார்.

சூரையைச் சுற்றி இருந்த பெண்களின் கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கிளப்புக்குப் போகக் கூடாது, ஆலைக்குப் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வடக்கே, லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்துக்குள் இருக்கும் டெர்மினல் தீவுக்குப் போனேன். இதை ஒட்டிய சான் பெத்ரோவில்தான் 1903இல் ஆல்பர்ட் ஹாஃப்ஹில் சாளை கிடைக்காத சமயத்தில் சூரையை டப்பாவில் அடைத்துப் பார்த்தார். தொழில் வளர்ந்தது. தீவில் ஜப்பானிய மீனவக் குடும்பங்கள் குடியேறின. ஏறக்குறைய 3,000 பேர். ஆண்கள் கடலில். பெண்கள் ஆலையில் மீனைச் சுத்தம் செய்து டப்பாவில் அடைத்தார்கள். வீடுகளும் ஆலைகளுக்குச் சொந்தம்.

வேலைக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. படகு வந்தால் ஆலைச் சங்கு ஊதும். ஒவ்வொரு ஆலைக்கும் ஒவ்வொரு சத்தம். தன் ஆலையின் சங்கைத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொண்டு பெண்கள் எழுந்து போவார்கள். தூத்துக்குடியில் நூற்பாலைச் சங்கைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தச் சங்குக்காவது நேரம் இருந்தது. இங்கே கணவனின் பயணம் எப்போது முடிகிறதோ அப்போது மனைவியின் ஷிப்ட் தொடங்குகிறது.

1941 டிசம்பரில் பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் தீவின் மூத்த தலைமுறை ஆண்களை எஃப்பிஐ கைது செய்யத் தொடங்கியது. பிப்ரவரிக்குள் அநேக வீடுகளில் குடும்பத் தலைவர் இல்லை. 1942 பிப்ரவரி 25 அன்று அறிவிப்பு வந்தது: 48 மணி நேரத்தில் தீவைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று அரசாங்கம் சொல்லவில்லை. குளிர்பெட்டி, கட்டில், வலை எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வியாபாரிகள் வாசலில் வந்து நின்றார்கள். எதை எடுப்பது, எதை விடுவது, குழந்தைகளை எங்கே தங்கவைப்பது, கிழவர்களை எப்படி ஏற்றுவது. என் 41 வரிப் பட்டியலைப் பற்றி அங்கே நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அவர்கள் போன பிறகு வீடுகள் இடிக்கப்பட்டன. பலர் முகாம்களுக்குப் போனார்கள். திரும்பி வர ஊர் இல்லை.

இப்போது அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. 2002இல் வைத்தது. தோரி வாயிலும், கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு வெண்கல மீனவர்களும். இருவரும் ஆண்கள். சிலை அழகாகவே இருக்கிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

தூண்டில் பிடித்த பெண்களின் வரலாறும் சும்மா இருக்கவில்லை. 1955இல் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் கே ரிபோவிச் உள்ளிட்ட சிலர் பெண்களுக்கென்று தனி மீன்பிடிச் சங்கம் தொடங்கினார்கள். வசதி படைத்தவர்கள், படகுக்காரர்களின் மனைவிகள். டெர்மினல் தீவுப் பெண்களுக்கும் இவர்களுக்கும் தூரம் அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நரம்பின் வலிமையை வைத்துப் பிரிக்கும் சாதனைப் பட்டியல்களில் பெண்களுக்கு இன்றும் தனிப் பத்தி உண்டு. எல்லாருக்கும் பொதுவான பத்தி ஒன்றும் உண்டு. பசிபிக் நீலத்துடுப்புச் சூரைக்கு அந்தப் பொதுப் பத்தியில் சாதனை படைத்தவர் நியூசிலாந்தின் டோனா பாஸ்கோ. 2014 பிப்ரவரியில் த்ரீ கிங்ஸ் தீவுகளருகே, நான்கு மணி நேரம் போராடி, 411.6 கிலோ. சொந்தப் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.

டெர்மினல் தீவிலிருந்து திரும்பிய இரவு, இரண்டாவது பட்டியலைக் கிழித்துப் போட்டேன். ஒரு வெள்ளைத் தாளை என் கணவரிடம் கொடுத்து, நான் இல்லாத பத்து நாளுக்கு என்னென்ன வேண்டும் என்று அவரையே எழுதச் சொன்னேன். "நீயே எழுதிட்டா நான் பாத்துப் பண்ணிடுவேனே" என்றார். நல்ல மனிதர், உண்மையாகவே பண்ணிவிடுவார். முடியாது என்றேன். இதில் எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு சரியாக இல்லை. எனக்கே சந்தேகம் வந்தது. அம்மாவின் மாத்திரை விஷயத்தில் இப்படிப் பிடிவாதம் பிடிக்கலாமா? மாத்திரையை மட்டும் அம்மாவே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

படகு அலுவலகத்திலிருந்து கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். என்ஜினுக்கு மேலே ஒற்றைப் படுக்கை அறை, சத்தமாக இருக்கும், ஆனால் எனக்கு மட்டும். சரி என்று முன்பணம் கட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் குளிர்பெட்டியின் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. என் கணவரின் கையெழுத்தில் ஏழு வரிகள். குப்பைத் தொட்டி அதில் இல்லை. எட்டாவதாக, பென்சிலால், அம்மா எழுதியிருந்தாள்: "சூரைத் தலையை வெட்டிக் கடலில் போட்டுவிட வேண்டாம் என்று படகில் சொல்லவும்."