காவல்காரரும் துப்பாக்கியும்

கூலிக்குக் காவல் காப்பவர் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்பது தென்பாண்டிச் சீமைக்குப் புதிய கேள்வி அல்ல. ஊர்க்காவலுக்கென்று தனி வரி வாங்கும் வழக்கம் பழையது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் வரி வருகிறது. பின்னாளில் அந்தப் பொறுப்பு பரம்பரைக் காவல்காரர்களிடமும், அவர்களுக்கு மேல் பாளையக்காரர்களிடமும் இருந்தது. ஓர் ஊரைக் காப்பது ஸ்தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துக் காப்பது தேசகாவல். இந்த ஏற்பாட்டுக்கு உயிர் கொடுத்தது ஆயுதம் அல்ல, ஒரு கடப்பாடு. களவுபோன மாட்டையோ நெல்லையோ காவல்காரர் மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். இழப்பு தம் தலையில் விழும் என்பதால்தான் அவர் இரவில் கண்விழித்தார், அயலூர்க் காவல்காரர்களோடு தொடர்பு வைத்துத் துப்பு விசாரித்தார். ஊரார் அறுவடைக் களத்தில் அளந்து கொடுத்த தானியம் இந்த உழைப்புக்கான கூலி.

பதினெட்டாம் நூற்றாண்டில் இது குலைந்தது. ஆற்காட்டு நவாபின் படையும் கும்பினிப் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் மாறி மாறி வந்த காலத்தில் பாளையங்களும் துப்பாக்கியும் வெடிமருந்தும் சேர்த்தன. தம் எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களிடமும் சில பாளையக்காரர்கள் தேசகாவல் பணம் வாங்கினார்கள். இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் கும்பினி கலெக்டர்கள்தாமே, அதை எப்படி நம்புவது என்று கேட்டால், அந்தச் சந்தேகம் நியாயமானது. காவல் வருமானத்தின் மீது கும்பினிக்கே கண் இருந்தது. கட்டபொம்மனும் மருதிருவரும் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்டவர்கள். அவர்கள் மீது கொள்ளைக்காரர் என்ற பழி ஒட்டாது. ஆனால் கும்பினியின் பேராசையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: படைபலத்தோடு வரும் காவலை வேண்டாம் என்று சொல்ல ஒரு சாதாரண ஊருக்கு வழியே இல்லை.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி ஆளுநர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் ஆயுதங்களைத் தடை செய்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1816இல் ஊர்க்காவலைக் கிராமத் தலைவர், தலையாரி பொறுப்பில் வைத்துச் சட்டம் வந்தது. இருந்தும் மதுரைப் பக்கம் கள்ளர் காவலும் நெல்லைப் பக்கம் மறவர் காவலும் கம்பையும் வேல்கம்பையும் நம்பி இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தன. மிரட்டிப் பணம் வாங்கியதாகப் புகார்களும் தொடர்ந்தன. அப்படியானால் துப்பாக்கி போனதால் மாறியது என்ன? துப்பாக்கி ஏந்திய காவலை ஊரால் மறுக்க முடியாது என்ற என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி இதுதான். இதற்கு விடை 1896இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு திண்டுக்கல் வட்டாரக் குடியானவர்கள் ஊர் ஊராகக் கூடித் தங்கள் காவல்காரர்களை விலக்கினார்கள். கலவரம் நடந்தது, இரு தரப்பும் துன்பப்பட்டன. ஆனாலும் காவலை நீக்கும் துணிவு ஊருக்கு வந்தது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், துப்பாக்கி ஏந்திய காவலிடம் அந்தத் துணிவைக் காட்டியிருக்க முடியாது. (பிறகு கள்ளர் சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தி, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அவர்களில் பலரைச் சுட்டுக் கொன்றது அரசின் துப்பாக்கி. அரசு ஆயுதம் ஏந்துவதாலேயே நியாயம் வந்துவிடுவதில்லை.)

ஆயுதப் பறிப்பு வெள்ளையர் ஆட்சியின் கொடுமை ஆயிற்றே, அதைப் போய் முன்மாதிரியாகக் காட்டலாமா என்று கேட்கலாம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து இந்தியரை மட்டும் உரிமத்துக்கு அலையவிட்டது, அது அநீதி. ஆனால் ஒருவர் தம் உயிரைக் காக்க ஆயுதம் கேட்பது வேறு, சம்பளத்துக்காக இன்னொருவர் பொருட்டு அதை ஏந்துவது வேறு. இரண்டாமவர் சுட்டால் அதற்கு அவரும் முதலாளியும் நிறுவனமும் எந்த அளவு பொறுப்பு என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். இன்று ஏடிஎம் பண வண்டிக்கும், கொலை மிரட்டல் உறுதியான சாட்சிக்கும் ஆயுதக் காவல் தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி முகமைக்கு உரிமம் வேண்டும், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். இவற்றோடு பழைய காவல்காரரின் கடப்பாடும் சேர வேண்டும். தவறான ஒரு குண்டுக்கு நட்டஈடு தருவதாக எழுதிக் கொடுக்கத் தயங்கும் எந்த முகமைக்கும் துப்பாக்கி ஏந்திய ஆளை அனுப்ப அனுமதி தரக் கூடாது.