ராஜாவின் கோடை விடுமுறை

கிரீஸ் நாட்டின் வரைபடத்தைப் பார்த்தால், நடுவில் ஒரு கத்திக் கீறல் தெரியும். கொரிந்த் கால்வாய். 1893ல் திறந்தார்கள். நீளம் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அகலம்? தண்ணீர் மட்டத்தில் சுமார் எண்பது அடிதான்! இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்.

1936 ஆகஸ்டில் அந்த இடுக்கு வழியாக ஒரு வெள்ளைக் கப்பல் ஊர்ந்து போனது. மேல்தளத்தில் ஒரு மனிதர். சட்டை இல்லை. ஒரு அரை டிராயர், கையில் பைனாகுலர். யாரோ உல்லாசப் பயணி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டு. இந்தியாவின் சக்கரவர்த்தியும் சாட்சாத் அவரேதான்!

அதே கப்பலில் திருமதி வாலிஸ் சிம்சன் இருந்தார். அமெரிக்கப் பெண்மணி. முதல் கணவரை விவாகரத்து செய்தவர். இரண்டாவது கணவர் எர்னஸ்ட் சிம்சன் கப்பலில் இல்லை.

பட்டத்துக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கோடை விடுமுறைக்கு பிரான்சின் தென்கடலோரத்தில் ஒரு பங்களா எடுப்பதாக இருந்தார் எட்வர்டு. ஜூலையில் பக்கத்து ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. வேண்டாம் என்றார்கள். சரி, கடலுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தார். அரச குடும்பத்துக்கென்று 'விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்' என்ற கப்பல் இருந்தது. ஆனால் அதில் ஏறினால் சம்பிரதாயமும் கூடவே ஏறிவிடுமே! தனியார் படகு ஒன்றை வாடகைக்குப் பேசினார். பெயர் 'நாஹ்லின்'.

'படகு' என்றுதான் பெயர். 300 அடி நீளம்! ஸ்காட்லாந்தின் ஜான் பிரவுன் கம்பெனி 1930ல் கட்டியது. நீராவி டர்பைனில் ஓடும். சொந்தக்காரர் லேடி யூல் என்ற கோடீஸ்வர விதவை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? கல்கத்தாவிலிருந்து. அவர் கணவர் சர் டேவிட் யூல், சணல், தேயிலை, நிலக்கரி என்று வங்காளத்தில் கொடிகட்டிப் பறந்தவர். ஆண்ட்ரூ யூல் கம்பெனி என்றால் அன்றைக்கு அப்படி ஒரு பெயர். (பிற்பாடு இந்திய அரசாங்கத்தின் கைக்கே அது வந்துவிட்டது.) நம் ஊர்ச் சணலும் தேயிலையும் சம்பாதித்துக் கொடுத்த கப்பலில், நம் ஊர்ச் சக்கரவர்த்தி ஜாலியாகப் போனார். கப்பல் லைப்ரரியில் இருந்த புத்தகங்களை இறக்கிவிட்டு மது பாட்டில்களை ஏற்றினார்கள் என்றுகூடச் சொல்வார்கள்.

'லங்காஸ்டர் கோமகன்' என்ற பெயரில் ரகசியப் பயணம். என்ன ரகசியம்! பாதுகாப்புக்கு கிராஃப்டன், குளோவோர்ம் என்று இரண்டு நாசகாரிப் போர்க்கப்பல்கள் பின்னாலேயே வந்தன. ஆகஸ்ட் 10ம் தேதி யுகோஸ்லாவியாவின் ஷிபெனிக் துறைமுகத்தில் எட்வர்டு கப்பல் ஏறியபோது, கரையில் பெருங்கூட்டம். கூடவே வெளிநாட்டு நிருபர்களும் காமிராக்களும். போகிற துறைமுகமெல்லாம் இதே கதை. ஜனங்கள் கைதட்டினார்கள், வாழ்த்தினார்கள். காதல் ஜோடி என்றால் எந்த ஊரில்தான் பிடிக்காது?

எட்வர்டு உருகிப்போனார். கைதட்டல் எல்லா இடத்திலும் கிடைத்துவிடவில்லை அவருக்கு. 1922 ஜனவரியில் இளவரசராகச் சென்னைக்கு வந்தபோது அவரை வரவேற்றது ஹர்த்தாலும் கலவரமும்தான்.

கப்பல் தெற்கே இறங்கி கிரேக்கத் தீவுகளுக்கு வந்தது. ஆள் அரவமில்லாத குடாவாகப் பார்த்து நங்கூரம் போடுவார்கள். மன்னர் நீந்துவார். சின்னப் படகை எடுத்துக்கொண்டு தானே துடுப்புப் போடுவார். ராத்திரியில் விருந்து. கோர்ஃபு தீவில் கிரீஸ் மன்னர் இரண்டாம் ஜார்ஜைச் சந்தித்தார்கள்.

அவர் கதை தனிக் கதை. நாடு கடத்தப்பட்டு, 1935 கடைசியில்தான் சிம்மாசனத்துக்குத் திரும்பியிருந்தார். எட்வர்டு கப்பல் ஏறுவதற்கு ஆறு நாள் முன்பு, ஆகஸ்ட் 4ம் தேதி, அவர் ஒப்புதலோடு ஜெனரல் மெடாக்சாஸ் சர்வாதிகாரி ஆகிவிட்டார். நாடாளுமன்றத்துக்குப் பூட்டு. அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் மன்னர் கோர்ஃபுவில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார், தன் ஆங்கிலேயத் தோழியோடு. அந்தப் பெண்மணியும் ஏற்கெனவே மணமானவர். ஜார்ஜ் அவரைக் கடைசிவரை மணக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட எட்வர்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு எங்கே கிடைத்திருக்கும்? அவர் பாடம் படிக்கிற மனநிலையில் இல்லை.

விருந்தினர்களில் டஃப் கூப்பர் இருந்தார். பிரிட்டனின் போர்த்துறை மந்திரி! அவர் மனைவி லேடி டயானா பின்னால் எழுதிய நினைவுகளில் ஒரு காட்சி. வாலிஸின் கவுன் நாற்காலிக் காலில் மாட்டிக்கொள்கிறது. மன்னர் சட்டென்று மண்டியிட்டுத் தரையில் தவழ்ந்து அதை எடுத்துவிடுகிறார். பதிலுக்கு வாலிஸ் எல்லார் எதிரிலும் அவரைக் கடிந்துகொள்கிறார். பார்த்தவர்களுக்குத் தர்மசங்கடம். மந்திரி, உதவியாளர்கள், நண்பர்கள் என்று அத்தனை பேர் இருந்தார்கள். இது எங்கே போய் முடியும் என்று மன்னரை உட்கார வைத்துப் பேச ஒருவரும் துணியவில்லை.

ஏதென்ஸ், ஏஜியன் கடல், கல்லிபோலியில் 1915 போரில் செத்தவர்களின் கல்லறைகள் என்று பயணம் தொடர்ந்தது. செப்டம்பர் 4ம் தேதி இஸ்தான்புல். அதாதுர்க் நேரில் வந்து வரவேற்றார். அங்கிருந்து ஊர் திரும்பினார் எட்வர்டு. அம்மா மேரி ராணியைப் பார்க்கப் போனார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் கேட்டது என்ன? கடல் பக்கம் ரொம்ப வெயிலோ என்று!

அதற்குள் அமெரிக்கப் பத்திரிகைகளில் அந்த போட்டோக்கள் வந்துவிட்டன. படகில் உட்கார்ந்திருக்கும் மன்னர், அவர் கைமேல் வாலிஸின் கை. உலகமே பார்த்தது. பார்க்காதவர்கள் பிரிட்டிஷ் ஜனங்கள் மட்டும்தான். லண்டன் பெரிய பத்திரிகைகள் மூச்சுவிடவில்லை. இறக்குமதியாகும் அமெரிக்க இதழ்களில் அந்தப் பக்கங்களைக் கத்திரியால் வெட்டிவிட்டுத்தான் விற்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்போமே, பிரிட்டனில் அன்றைக்கு உலைமூடி இருந்தது. அக்டோபரில் பத்திரிகை அதிபர் பீவர்புரூக்கை அழைத்து, வாலிஸின் விவாகரத்து வழக்கை அடக்கி வாசிக்கச் சொன்னார் மன்னர். அப்படியே நடந்தது.

அந்த மௌனம் மன்னரைக் காப்பாற்றவில்லை, ஏமாற்றிவிட்டது. துறைமுகங்களில் கேட்ட கைதட்டல் காதிலேயே இருந்தது. ஊரில் ஒரு முணுமுணுப்புகூடக் கேட்கவில்லை. ஜனங்கள் நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டார். நவம்பர் 16ம் தேதி பிரதமர் பால்ட்வினிடம், வாலிஸைத்தான் மணப்பேன் என்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பும் மன்னருடையது. இரண்டு கணவர்களும் உயிரோடு இருக்க, ஒரு பெண்ணை அவர் மணப்பதா? சபை ஒப்பாது, மந்திரிசபையும் ஒப்பவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் மூடி தெறித்தது. லண்டன் பத்திரிகைகள் ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டின. எட்டே நாள். டிசம்பர் 10ம் தேதி பதவி விலகல் பத்திரத்தில் கையெழுத்து. மறுநாள் ராத்திரி ரேடியோவில் பேசிவிட்டு நாட்டைவிட்டே கிளம்பிவிட்டார். 1937 ஜூனில் பிரான்சில் கல்யாணம்.

நாஹ்லின் என்ன ஆச்சு? 1937ல் ருமேனிய மன்னர் இரண்டாம் கரோல் வாங்கினார். இவர் கிரீஸ் மன்னரின் முன்னாள் மைத்துனர். ஒரு பெண்ணுக்காக 1925ல் பட்டத்து உரிமையை உதறி, 1930ல் திரும்பி வந்தவர். 1940ல் அவரும் பதவி இழந்தார். அடுத்த வருடம் ஜெர்மானியர்கள் நுழைய, கிரீஸ் மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். கப்பல் ருமேனியாவில் மிதக்கும் ஓட்டலாகிப் பாழடைந்தது. பிற்பாடு வாக்குவம் க்ளீனர் புகழ் ஜேம்ஸ் டைசன் கைக்கு வந்து, ஜெர்மனியில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி கடலில் இறங்கியது.

ராசியில்லாத கப்பல் என்று சொல்லிவிடலாம்தான். பாவம், கப்பல் என்ன செய்யும்? கேட்க வேண்டியவர் காதில், சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல அந்த 300 அடியில் ஒரு ஆள் இல்லை. அம்மாகூட வெயிலைப் பற்றித்தானே விசாரித்தார்!