அலர்

ஊரார் வெளிப்படையாகப் பேசும் உறுதிப்படாத செய்தி; சங்க அக இலக்கியத்தில் பெரும்பாலும் காதல் பற்றியது. அலர்தல் என்றால் விரிதல், பூத்தல். இதற்கு முந்திய நிலை அம்பல். இறையனார் களவியல் உரை இரண்டையும் நுட்பமாகப் பிரிக்கிறது: வாய்க்குள் முகிழ்ப்பது அம்பல்; இன்னாரோடு இன்னார் எனப் பெயர் சொல்லிப் பேசுவது அலர். மொட்டும் மலரும் போல.

அலருக்குச் சிறந்த சான்று நக்கீரர் பாடிய அகநானூறு 36. வையை ஆற்றுத் துறையில், மருத மரங்கள் ஓங்கிய சோலையில் தலைவன் வேறொருத்தியை மணந்தான் என்று ஊர் பேசுகிறது. தலையாலங்கானத்தில் சேரன், சோழன் உள்ளிட்ட எழுவரைப் பாண்டியன் நெடுஞ்செழியன் வென்றபோது எழுந்த ஆரவாரத்தைவிட அந்த அலர் பெரிது என்கிறது பாட்டு. நடந்ததைக் கண்டவர் எவரும் பாட்டில் இல்லை. 'என்ப' (சொல்கிறார்கள்) என்ற ஒரு சொல்லே ஆதாரம். அவ்வளவு மெலிந்த ஆதாரத்தின்மேல் ஒரு போர்க்களத்தின் முழக்கத்தை ஏற்றியதே நக்கீரரின் மேதைமை.

திருக்குறளின் 115ஆம் அதிகாரம் 'அலர் அறிவுறுத்தல்'. இன்று வழங்கும் 'வதந்தி' வடசொல். அதன் மூலப் பொருளும் 'சொல்கிறார்கள்' என்பதே.