நாகையில் நின்ற பழந்துறவு மடம்

யூபிலி ஆண்டில் நம் பங்கின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் நாம், அண்டை ஊரின் வரலாறு ஒன்றையும் அறிவது நலம். கொள்ளிடம் கடந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் நாகப்பட்டினம். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்கள் ஆண்டுதோறும் கடந்து போகும் ஊர் அது.

அங்கே பௌத்தத் துறவியரின் பெருமடம் ஒன்று இருந்தது. சூடாமணி விகாரம் என்பது அதன் பெயர். கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அதனைக் கட்டி முடித்தான். முதலாம் இராசராசன், தான் சிவபக்தனாயிருந்தும், தனது 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அம்மடத்திற்குப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆவணங்கள் இதற்குச் சான்று.

காலப்போக்கில் துறவியர் மறைந்தனர். கோபுரம் ஒன்று மட்டும் எஞ்சியது. மக்கள் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றனர். 1846-இல் வால்டர் எலியட் துரை அதைப் பார்வையிட்டு எழுதி வைத்தார். செங்கல்லால் ஆன நாற்சதுரக் கட்டடம், மூன்று நிலைகள், மேற்கூரை இல்லை.

1867-இல் அக்கோபுரம் இடிக்கப்பட்டது. அரசின் அனுமதி பெற்று இடித்தவர்கள் நம் சேசு சபைக் குருக்களே. அவர்கள் தீய எண்ணத்தால் செய்தார்கள் என நாம் சொல்லவில்லை. 1844 முதல் அங்கே நடந்து வந்த புனித சூசையப்பர் கல்லூரிக்குக் கட்டட வசதி வேண்டியிருந்தது. ஆனால் அக்கல்லூரி 1883-இல் திருச்சிக்கு மாறிற்று. பதினாறே ஆண்டுகள்! எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிய சின்னம் மட்டும் மீளவில்லை.

1856-இல் இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது அதனடியில் புத்தர் திருவுருவங்கள் கிடைத்தன. பின்னர் 1930-கள் வரை கிடைத்தவற்றையும் சேர்த்தால் முந்நூற்றைம்பதுக்கு மேல். அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். மண்ணுக்குள் இருந்தவை பிழைத்தன. மண்ணுக்கு மேல் நின்றது பிழைக்கவில்லை.

பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் அறிவித்தது. இவ்வறிவு நமக்குப் பிந்தியே வாய்த்தது. வாய்த்த பின் அதன்படி நடப்பது நம் கடமை.

நம் பங்குகளிலும் பழைய ஆலயத்தை இடித்துப் புதியது எழுப்பும் ஆர்வம் மிகுதி. ஆர்வம் நல்லதே. எனினும் கடப்பாரையை எடுக்குமுன் அறிந்தோரைக் கேட்போம். அளந்து படமெடுத்து வைப்போம். கல்லறைக் கற்களையும் பழைய மணியையும் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் காப்போம். பிற சமயச் சின்னம் நம் நிலத்தில் கிடைத்தாலும் அதே மரியாதையைக் காட்டுவோம். நமக்குப் பின் வருவோருக்காக இவற்றைப் பேணும் மனத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.